படிக்கட்டை விடுங்கள், எடையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உண்டு. ஐவிஎஃப் (சோதனைக்குழாய்) சிகிச்சையில் 24 முட்டைகள் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் இரண்டு கருக்களை உள்ளே வைத்தார்கள். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. வைத்த மறுநாளே மாடிப்படி ஏறிவிட்டேன், பலமாகத் தும்மவும் செய்தேன். நான்காம் நாள் வீட்டில் சோதித்தபோது ஒரே கோடுதான் வந்தது. பழுப்பு நிறத்தில் லேசாகக் கசிகிறது, மார்பு வலியும் குறைந்துவிட்டது. வயிறு உப்பிக்கொண்டே போகிறது. மூன்று நாளில் எடை 58-லிருந்து 61 கிலோ ஆகிவிட்டது, சிறுநீரும் சரியாகப் போகவில்லை. உப்புசத்துக்கு, கரு தங்குவதற்காகக் கொடுத்த புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரைதான் காரணம் என்று இணையத்தில் படித்துவிட்டு நேற்றிரவு முதல் அதை நிறுத்தியிருக்கிறேன். அம்மா ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் நீர் மாத்திரையில் இரண்டு போட்டுக்கொண்டேன். ஒழுங்காகப் படுத்தே இருந்திருந்தால் கரு தங்கியிருக்குமா, டாக்டர்?

பதில்: அந்த நீர் மாத்திரையை இனித் தொடாதீர்கள். புரோஜெஸ்டிரோனைச் சீட்டில் எழுதியிருக்கும் அதே அளவில் இப்போதே மறுபடி தொடங்குங்கள். அடுத்ததாகச் சிகிச்சை எடுத்த மையத்துக்குப் போன் செய்யுங்கள். தும்மல், கோடு எதையும் சொல்ல வேண்டாம். "மூன்று நாளில் மூன்று கிலோ ஏறியிருக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது, நீர் மாத்திரை இரண்டு போட்டுவிட்டேன்" என்று மட்டும் சொல்லி, இன்றே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். யாரும் போனை எடுக்காவிட்டால், மகப்பேறு மருத்துவர் இருக்கும் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். கடிதம் கிடைத்ததுமே இதை உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பியாயிற்று. இங்கே எழுதுவது, ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியவும், இதே நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு உதவவும்தான்.

உங்கள் கடைசிக் கேள்விதான் முழுக் கடிதத்தையும் எழுத வைத்திருக்கிறது. அதற்குப் பதில்: இல்லை. நீங்கள் செய்த எதுவும் கருவைக் கலைக்கவில்லை. கருப்பையைக் காலிக் குடம் போலவும், கருவை அதற்குள் உருளும் கோலிக்குண்டு போலவும் நினைத்துக்கொள்வதால் வரும் பயம் இது. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். நடுவில் இருப்பது ஈரமான, மெத்தென்ற ஒரு படலம். கருவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதை 20 முதல் 30 மைக்ரோலிட்டர் திரவத்தோடு, அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவான திரவத்தோடு, அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே விடுகிறார்கள். வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே ஒரு கடுகை வைத்து அழுத்திவிட்டுப் படி ஏறிப் பாருங்கள், அது எங்கே விழும்? கரு மாற்றும்போது ஸ்கேன் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கியதைக் காட்டியிருப்பார்கள். அது கரு அல்ல, கூடவே போன காற்றுக் குமிழி. கரு ஸ்கேனில் தெரியாத அளவு சிறியது. பிறகு சிறுநீர் கழித்தபோது அந்தப் புள்ளி நகர்ந்திருக்குமோ என்றுகூடப் பலர் பயப்படுகிறார்கள். சிறுநீர்ப்பை வேறு, கருப்பை வேறு. ஒன்றின் வழி மற்றொன்றில் இல்லை.

படுத்தே கிடப்பதால் கரு தங்கும் வாய்ப்பு கூடுவதில்லை. இதைப் பலமுறை ஆராய்ந்து பார்த்தாயிற்று. வைத்த கரு வளராமல் போனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அது நீங்கள் படி ஏறுவதற்கு முன்பே, ஆய்வகத் தட்டில் இருந்தபோதே தீர்மானமாகிவிட்ட விஷயம். வீட்டில் யாராவது "அவள் படுக்கவே இல்லை" என்று சொன்னால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். பழுப்புக் கசிவு, உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கருப்பை வாயை உரசுவதாலும், கரு மாற்றும் குழாய் பட்டதாலும் வரும். நாப்கின் நனையும் அளவு சிவப்பாகப் போனால் மட்டும் சொல்லுங்கள். மார்பு வலி வருவதும் போவதும் எதையும் காட்டாது. அது புரோஜெஸ்டிரோனின் வேலை. நான்காம் நாள் சோதனைக்கும் அர்த்தமில்லை. வீட்டுச் சோதனைப் பட்டை ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 25 மில்லியூனிட் ஹெச்சிஜி (கரு சுரக்கும் கர்ப்ப ஹார்மோன்) இருந்தால்தான் இரண்டாவது கோட்டைக் காட்டும். உள்ளே வைத்து நான்கே நாளான கரு அந்த அளவைச் சுரந்திருக்காது. இன்னும் சில நாள் முன்னதாகச் சோதித்திருந்தால், முட்டை முதிர்வதற்காகப் போட்ட ஹெச்சிஜி ஊசியின் மிச்சமே இரண்டு கோட்டைக் காட்டி உங்களை ஏமாற்றியிருக்கும். மீதி இருக்கும் பட்டைகளை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

இனி வயிற்றுக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய எடையும் சிறுநீரும்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. இதன் பெயர் சினைப்பை மிகைத் தூண்டல். சீட்டில் ஓஹெச்எஸ்எஸ் என்று எழுதுவார்கள். ஊசிகளால் ஏராளமான முட்டைப்பைகள் வளர்ந்த சினைப்பை, ஹெச்சிஜி பட்டதும் ரத்த நுண்குழாய்களைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அப்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர், குழாய்ச் சுவர் வழியாகக் கசிந்து வயிற்றுக்குள் தேங்குகிறது. மோசமானால் நுரையீரலைச் சுற்றியும் சேரும். வெளியே பார்த்தால் உடம்பு முழுக்க நீர். உள்ளே, ரத்தக் குழாய்க்குள் வறட்சி. ரத்தம் கெட்டியாகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் குறைகிறது. சிறுநீர் குறைவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நிலையில் நீர் மாத்திரை என்ன செய்யும் என்று யோசியுங்கள். வயிற்றில் தேங்கிய நீரை அது தொடாது. ஏற்கெனவே வறண்டிருக்கும் ரத்தக் குழாயிலிருந்துதான் மிச்ச நீரையும் பிழிந்து வெளியே தள்ளும். ரத்தம் இன்னும் கெட்டியாகும், உறைகட்டி உண்டாகும் ஆபத்து கூடும், சிறுநீரகம் அடிபடும். மருத்துவமனையில்கூட ரத்தத்தின் கெட்டித்தன்மை சீரான பிறகு, தேவைப்பட்டால் மட்டுமே இதைக் கையிலெடுப்போம். அம்மாவுக்கு எழுதிய மாத்திரை அம்மாவின் உடம்புக்கு எழுதியது. வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவற்றையும் கையில் எடுக்காதீர்கள்; அவையும் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். பாராசிட்டமால் போதும்.

இது இரண்டு வேளைகளில் வரும். முட்டை எடுத்த முதல் வாரத்தில் வருவது, ஊசியில் போன ஹெச்சிஜியால். அது பெரும்பாலும் தானே அடங்கும். ஒன்பது, பத்து நாளுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது வேறு ரகம். நீங்கள் முட்டை எடுத்து இன்று பதினோராம் நாள்; ஊசியின் ஹெச்சிஜி ஏறக்குறைய வடிந்திருக்கும். இந்த நேரத்தில் வீக்கம் கூடினால், கரு ஒட்டிக்கொண்டு தானே ஹெச்சிஜி சுரக்கத் தொடங்கியிருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். கர்ப்பம் உறுதி என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன், அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் கரு போய்விட்டது என்று நீங்கள் அழுதுகொண்டிருக்கும் அதே நாளில், அது தங்கியதாலேயே வயிறு வீங்கிக்கொண்டிருக்க இடமுண்டு. கர்ப்பத்தால் தூண்டப்படும் இந்த வகை வீக்கம், ஹெச்சிஜி ஏற ஏறக் கூடும், நீண்ட நாள் நிற்கும். இரண்டு கருவும் தங்கினால் இன்னும் அதிகம். அதனால்தான் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக்கூடாது என்கிறேன்.

மையத்தில் முதலில் ஸ்கேன் செய்து சினைப்பையின் அளவையும் வயிற்றில் உள்ள நீரையும் பார்ப்பார்கள். ரத்தத்தில் ஹீமேட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, கெட்டித்தன்மையைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எடுப்பார்கள். ஹீமேட்டோகிரிட் 45 சதவீதத்தைத் தாண்டினால் தீவிர நிலை, 55 தாண்டினால் உயிருக்கே ஆபத்தான நிலை. லேசாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்வார்கள். தீவிரமென்றால் சேர்த்துக்கொண்டு சலைன், தேவைப்பட்டால் அல்புமின் என்ற ரத்தப் புரதம், உறைகட்டியைத் தடுக்கத் தோலடியில் ஹெப்பாரின் வகை ஊசி. மூச்சு முட்டும் அளவுக்கு நீர் இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் வடிப்பார்கள். வடிப்பது வயிற்றறையில் உள்ள நீரை. கருப்பையை ஊசி தொடாது. அதற்குச் சம்மதிக்கத் தயங்காதீர்கள். ஒன்றை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்: சில இடங்களில் கரு தங்குவதற்கு உதவியாக ஹெச்சிஜி ஊசியை மறுபடி போடுவது உண்டு. உங்களுக்கு அது கூடவே கூடாது, எரிகிற நெருப்பில் எண்ணெய் அது.

வீட்டுக்கு அனுப்பினால், காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன், ஒரே எடைக்கருவியில் நில்லுங்கள். பிறகு அளவு நாடாவைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி சென்டிமீட்டரைக் குறியுங்கள். சிறுநீரை உத்தேசமாகச் சொல்லாதீர்கள். அளவுக் கோப்பையில் பிடித்து 24 மணி நேரக் கணக்கை எழுதுங்கள். நாளொன்றுக்கு ஒரு கிலோ ஏறினாலோ, சிறுநீர் 500 மி.லி.க்குக் கீழே போனாலோ, எத்தனை மணியானாலும் போன் செய்யுங்கள். 300-க்குக் கீழே என்றால் போன் செய்துகொண்டிருக்காமல் நேரே கிளம்புங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, குடித்த தண்ணீர்கூட வாந்தியாவது, ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று குத்தும் வலி, ஒரு காலோ கையோ கழுத்தின் ஒரு பக்கமோ வீங்குவது: இவற்றுக்கும் அதே விதி. கழுத்தை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நோயில் உறைகட்டி காலில் மட்டுமல்ல, கழுத்து, கை ரத்தக் குழாய்களிலும் வரும், வீக்கம் வடிந்து சில வாரங்கள் கழித்தும் வரும். கழுத்துச் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் சரியான அளவு. "நான்கு ஐந்து லிட்டர் குடித்தால் நீர் இறங்கிவிடும்" என்று சுற்றிவரும் அறிவுரையைக் கேட்டு வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம். குடித்த அதிக நீரும் கசிந்து அங்கேயேதான் போய்ச் சேரும். புரதப் பொடி டப்பா டப்பாவாக வாங்குவதாலும் வீக்கம் வடியாது. ஓட்டம், குனிந்து நிமிரும் உடற்பயிற்சி, தாம்பத்தியம் ஆகியவற்றை நிறுத்தி வையுங்கள். கருவுக்காக அல்ல. இப்போது உங்கள் சினைப்பைகள் ஒவ்வொன்றும் பெரிதாக வீங்கித் தொங்குகின்றன, அசைவில் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அதே சமயம் படுக்கையோடு படுக்கையாகவும் கிடக்காதீர்கள். வீட்டுக்குள் மெதுவாக நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள்.

புரோஜெஸ்டிரோனை ஒரு நாள் விட்டதற்காக இன்னொரு சுற்று அழ வேண்டாம். முட்டை எடுத்த அதே சுற்றில் கரு வைத்திருப்பதால், வீங்கிய அந்தச் சினைப்பைகளே நிறையப் புரோஜெஸ்டிரோன் சுரந்துகொண்டிருக்கும். உறைய வைத்த கருவை, முட்டை வெளியேறாத மாத்திரைச் சுற்றில் வைத்துக்கொண்டவர்கள் கதை வேறு. அவர்கள் உடம்பு சொந்தமாக ஒரு துளியும் சுரக்காது, மாத்திரைதான் முழு ஆதாரம். இதைப் படிக்கும் அவர்கள் ஒரு வேளையைக்கூடத் தவற விடக்கூடாது. விட்டுவிட்டால் மறைக்காமல் அன்றே சொல்ல வேண்டும்.

பிசிஓஎஸ் இருந்து, இனிமேல்தான் ஊசி தொடங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 24 முட்டை என்றால் வீட்டில் கொண்டாடுவார்கள், மருத்துவருக்கு அது எச்சரிக்கை எண். முட்டைப்பைகள் அத்தனை வளர்ந்திருந்தால், ஹெச்சிஜிக்குப் பதிலாக லூப்ரோலைடு அல்லது டிரிப்டோரெலின் ஊசியால் முட்டையை முதிரச் செய்து, கருக்கள் எல்லாவற்றையும் உறைய வைத்து, சினைப்பை சுருங்கியபின் அடுத்த சுழற்சியில் வைப்பதே என் கருத்தில் சரி. அந்த ஊசி உண்டாக்கும் ஹார்மோன் எழுச்சி சீக்கிரம் அடங்கிவிடுவதால் கசிவு அநேகமாக வராது. ஆனால் லூப்ரோலைடு வகை ஊசியாலேயே முன்கூட்டி ஹார்மோனை அடக்கி வைக்கும் சிகிச்சை முறையில் இது பலிக்காது, ஆகவே முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி. கேபர்கோலின் மாத்திரையும் கசிவைக் குறைக்க உதவும். எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். "முட்டை அதிகம் வந்தால் எங்கள் திட்டம் என்ன?" என்று கேட்பது உங்கள் உரிமை.

நீங்கள் கிளம்பும்போது முட்டை எடுத்த தேதி, போட்ட ஊசியின் பெயர், கரு வைத்த தேதி, சாப்பிட்ட நீர் மாத்திரையின் அட்டை எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் ஐவிஎஃப் என்ற சொல்லைத்தான் முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீங்கி வலிக்கும் வயிற்றைக் குடல்வால் என்று எண்ணிவிடுவார்கள். கர்ப்பத்தை உறுதி செய்யும் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த தேதியை முன்னே இழுக்காதீர்கள். அன்று மருத்துவமனையில் படுத்திருந்தாலும் அங்கேயே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறையும்.