கனடாவின் மொன்றியலில் தரையில் −3 டிகிரி இருந்தும் பனி விழாமல் மழை பெய்வது எப்படி?

தரையில் உள்ள வெப்பமானியை வைத்து இதைச் சொல்ல முடியாது. தலைக்கு மேல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் வரை காற்று எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மொன்றியல் போன்ற நடு அட்சரேகை இடங்களின் புயலில், தெற்கிலிருந்து வரும் ஈரமான வெப்பக் காற்று தரையோடு கிடக்கும் கனத்த குளிர்காற்றின் மேல் ஏறும். சுமார் 200 கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்தான் ஏற்றம். அதனால்தான் மழைக்கு வெகு நேரம் முன்பே சிரஸ் எனும் உயரத்து மெல்லிய மேகக் கீற்றுகள் தெரிகின்றன. பிறகு சூரியனைச் சுற்றி வட்டம் கட்டும் மெல்லிய திரை, அதன்பின் சாம்பல் மூட்டம், கடைசியில் மழை தரும் நிம்போஸ்ட்ராட்டஸ் எனும் தடித்த மேகம்.

அந்த மேகத்தில் −15 டிகிரி உயரத்தில் உறையாத நீர்த்துளிகளும் பனிப்படிகங்களும் கலந்திருக்கும். பனிக்கட்டியின் மேல் நிறைவு ஆவி அழுத்தம் (ஆவியாவதும் படிவதும் சமமாகும் அளவு) நீரின் மேல் உள்ளதைவிடக் குறைவு. எனவே துளிகள் வற்றும், அந்த ஆவியை வாங்கிப் படிகங்கள் பருக்கும். தூறலை விட்டுவிட்டால், அங்கே குளிர்கால மழை பெரும்பாலும் பனியாகவே பிறக்கிறது.

விழும் வழியில் வெப்ப அடுக்கின் உச்சம் 1 டிகிரிக்குள் இருந்தால் பனி பனியாகவே இறங்கும். ஏறக்குறைய 1 முதல் 3 வரை என்றால் பாதி உருகி, கீழே மறுபடி உறைந்து ஐஸ் குறுணையாகும். 3-ஐத் தாண்டினால் முழுக்க உருகிவிடும். படிகத் துணுக்கு மிஞ்சாத துளி, கீழுள்ள சில நூறு மீட்டர் குளிரில் உறைவதில்லை. 0 டிகிரிக்குக் கீழேயும் நீராகவே வந்து, கம்பியையோ கிளையையோ தொட்டதும் உறையும். இதுதான் உறைமழை.

உறைமழை பொதுவாகத் தன்னையே நிறுத்திக்கொள்ளும். ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் வெப்பம் வெளிப்படுவதால், தரைக்காற்று மெல்ல 0 டிகிரியை எட்டிவிடும். நீடிக்க வேண்டுமானால் குளிர்ந்த, வறண்ட காற்று கீழே ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். 1998 ஜனவரியில் நடந்தது அதுவே. மொன்றியல் அமைந்துள்ள செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடகிழக்குக் குளிர்காற்று ஊட்டிக்கொண்டே இருக்க, மேலே மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் வந்து சேர்ந்தது. மொன்றியலுக்குத் தெற்கே சில இடங்களில் சுமார் 100 மி.மீ. கொட்டியது. ஐஸ் பாரம் தாங்காமல் உயர் மின்னழுத்தக் கோபுரங்களே மடங்கி விழுந்தன.

கணிக்க விரும்பினால் 850, 925 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டங்களின் (சுமார் ஒன்றரை, முக்கால் கிலோமீட்டர் உயரம்) வெப்பநிலையோடு தரைக் காற்றின் திசையையும் பாருங்கள். பள்ளத்தாக்கைச் சரியாகக் காட்டாத வானிலைக் கணினி மாதிரிகள் குளிர்காற்றைச் சீக்கிரமே விரட்டிவிடும். வடகிழக்குக் காற்று ஓயாதவரை அவை சொல்லும் +1 டிகிரியை நம்பி வண்டி எடுக்காதீர்கள்.