தீபாவளிக்குப் புதுச் சரக்கு: நாளையும் ஆளையும் பணத்தையும் எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். என் கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், ஓய்வு நாளில் கைகொடுப்பார். 2026 தீபாவளிக்கு மீன்குழம்பு பேஸ்ட் 3,000 போத்தல் போட ஆசை. கையில் 30,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. சமைக்கும் கொப்பரைப் பாத்திரத்துக்கு 14,000, மளிகைக்கு 9,000, போத்தல், லேபிளுக்கு 4,000, விளம்பரத்துக்கு 3,000 என்று பிரித்து வைத்திருக்கிறேன். மே மாதம் தொடங்கினால் போதுமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: போதாது, சகோதரி. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் சமைக்கும் நாளைத்தான் கணக்குப் போடுவார்கள். இந்தச் சரக்கில் காத்திருப்புக்குத்தான் அதிக நாள் போகும். அதனால் தீபாவளியில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

தீபாவளி நவம்பர் 8. கடைகளில் பண்டிகைச் சரக்கு ஒரு மாதம் முன்பே அலமாரி ஏறிவிடும். ஆக, செப்டம்பர் கடைசி வாரத்தில் உங்கள் போத்தல் கடைக்குப் போயாக வேண்டும். ஓர் ஈட்டுக்கு 40 போத்தல், நாளுக்கு மூன்று ஈடு என்று வைத்துக்கொள்வோம். 3,000 போத்தலுக்கு 25 நாள் ஆகும். பொடி வியாபாரத்தை நிறுத்த முடியாது என்பதால் வாரத்தில் நான்கு நாள்தான் பேஸ்டுக்குக் கிடைக்கும். ஆறு வாரம் தாண்டிவிடும். ஆகஸ்ட் 31, செப்டம்பர் 16 விடுமுறைகளையும் கழித்தால், ஆகஸ்ட் முதல் வாரமே அடுப்பு எரிய வேண்டும்.

அப்படியென்றால் ஜூலைக் கடைசியில் லேபிள் அச்சாகி வந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மலேசியாவில் தயாரிக்கும் உணவின் லேபிளில் விவரம் மலாய் மொழியில் இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, காலாவதித் தேதி எல்லாம் வேண்டும். இவற்றில் சேர்மானப் பட்டியலையும் காலாவதித் தேதியையும் உங்களால் இன்றைக்கு எழுத முடியாது. செய்முறை முடிவாகவில்லை, பேஸ்ட் எத்தனை மாதம் தாங்கும் என்று சோதிக்கவும் இல்லை.

அந்தச் சோதனையை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். போத்தலில் அடைத்து, ஃப்ரிட்ஜுக்கு வெளியில் வைக்கும் பேஸ்டின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; குறைந்தால் புளிப்பு அதிகம்) அளவு 4.6க்குக் கீழே நின்றால்தான் பொட்டுலிசம் என்னும் உயிர்க்கொல்லி நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி அதில் வளராது. புளி சேர்ப்பதால் தானாகவே சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் வெங்காயத்தின் அளவு கூடினாலே கணக்கு மாறலாம். மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்குமே தவிர இந்தக் கிருமியைத் தடுக்காது. அதற்குக் காற்றில்லாத இடம்தான் வசதி. ஆறு மாதம் தாங்கும் என்று எழுத விரும்பினால், சாதாரணமாக வைத்துப் பார்க்க ஆறு மாதம் ஆகும். கூடுதல் வெப்பத்தில் வைத்துச் சீக்கிரம் மதிப்பிடும் முறையும் உண்டு, உங்கள் பேஸ்டுக்கு அது பொருந்துமா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். எப்படியும் மார்ச் முடிவதற்குள் செய்முறையை முடிவு செய்துவிட வேண்டும். அப்புறம் புளியின் அளவைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அந்த மாதங்களில் மற்ற வேலைகளைப் பக்கத்திலேயே நடத்தலாம். உணவு கையாளுவோர் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி, சுகாதார அமைச்சு தரும் மெஸ்தி என்னும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான இட ஒழுங்கு, பதிவேடுகள் எல்லாம் அந்த நேரத்தில் முடிந்துவிடும். ஹலால் சான்றிதழ் எண்ணம் இருந்தால், தயாரிப்பு இடத்துக்குள் சாமி மாடம் இருக்கக் கூடாது என்பதைக் கட்டட வேலைக்கு முன்பே நினைவில் வையுங்கள். சான்றிதழ் கைக்கு வராமல் சின்னத்தை அச்சிடவும் முடியாது. முதல் முறை சின்னம் இல்லாமல் கொஞ்சமாக அச்சடியுங்கள் என்பதே என் யோசனை.

வெளியாளை நம்பியிருக்கும் வேலைக்கு ஒரே ஒரு மதிப்பீடு போடாதீர்கள். 1958இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய ஒரு கணக்கு இன்றைக்கும் உதவும். போத்தல் வந்து சேர, எல்லாம் கூடி வந்தால் 2 வாரம், வழக்கமாக 3, தடங்கல் வந்தால் 10 என்று வையுங்கள். நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 4 வாரம் வரும். அட்டவணையில் அந்த நான்கைத்தான் எழுத வேண்டும்.

ஆள் விஷயத்துக்கு வருவோம். அந்த இரண்டு பெண்களும் தீபாவளிக்கு முன் பொடி வேலையிலேயே மூழ்கியிருப்பார்கள். கணவருக்கு ஷிப்ட் மாறலாம், ஓவர்டைம் வரலாம், அவருடைய நாளில் பாதியை மட்டும் கணக்கில் சேருங்கள். ஆகஸ்ட், செப்டம்பருக்கு மூன்றாவது ஆள் வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் சிறிய கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிதான். முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதிச் சந்தாவும் சேர்ந்தால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 4,000. உங்கள் பட்டியலில் இந்தச் செலவே இல்லை.

பட்டியலில் எனக்குப் பெரிய கவலை வேறு. ஒரு போத்தல் விற்பதற்கு முன்பே 30,000 வெள்ளியும் தீர்ந்துவிடுகிறது. கடைக்காரர் 60 நாள் தவணை கேட்டால், செப்டம்பர் கடைசியில் போட்ட சரக்குக்குப் பணம் நவம்பர் கடைசியில்தான் வரும். அக்டோபரில் பொடிக்கு மிளகாயும் மல்லியும் எந்தப் பணத்தில் வாங்குவீர்கள்? சோறு போடும் வியாபாரத்தின் உச்ச மாதத்தில் அதன் முதலைப் புதுச் சரக்கில் முடக்கக் கூடாது.

அதனால் முதல் வருடம் 1,000 போத்தல் மட்டும் போடுங்கள். கொப்பரையை வாங்க வேண்டாம், கேட்டரிங் செய்பவர்களிடம் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கணக்குப்படியே மளிகைக்கு 3,000 ஆகும். போத்தல், லேபிளைக் குறைவாக எடுத்தால் ஒன்றின் விலை ஏறும், 2,000 என்று வையுங்கள். சம்பளம் 4,000. அக்டோபர் பொடிக்கு 8,000 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். எதிர்பாராத செலவுக்கு 3,000. மீதி 10,000க்குள் ஆய்வகம், கொட்டகைச் சீரமைப்பு, வாடகை, விளம்பரம் எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் நேரே அது எந்த வாரத்தில் கையை விட்டுப் போகிறது என்றும் எழுதுங்கள்.

1,000 போத்தலுக்குச் சமையல் ஒன்பது நாள்தான். அட்டவணையில் ஒரு மாதம் மிச்சமாகும். அந்த மாதத்தில் வேறு வேலை எதையும் போடாதீர்கள், அது தாமதத்துக்காக ஒதுக்கியது.

ஜூன் 30 அன்று ஆய்வக முடிவு கையில் இல்லையென்றால், அல்லது பி.எச். இடித்தால், இந்தத் தீபாவளிக்குப் பொடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுப்பதும் போத்தலுக்கு முன்பணம் கட்டுவதும் அந்தத் தேதிக்குப் பிறகு இருக்கட்டும்.