பெயரை நீக்கிவிட்டால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 46. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒருவருக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று ஆராயும் குழு ஒன்று, என் குளுக்கோஸ் சென்சார் (தோலில் ஒட்டிச் சர்க்கரை அளக்கும் கருவி), ஸ்மார்ட் வாட்ச் இவற்றின் தரவு, மருத்துவமனைப் பதிவுகள், மரபணுப் பரிசோதனை எல்லாவற்றையும் ஓராண்டுக்குக் கேட்கிறது. "பெயரை நீக்கிவிடுவோம், பயப்படாதீர்கள்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம். போடச் சொல்லித்தான் நானும் சொல்வேன். ஆனால் பெயரை நீக்குகிறார்கள் என்ற தைரியத்தில் போடாதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெயர் போன பிறகும் அந்தத் தரவு உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேருக்குச் சென்சார் பொருத்திப் பார்த்தது. ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையைச் சர்ரென்று ஏற்றியது, இன்னொருவருக்கு அசைக்கக்கூட இல்லை. சராசரி போட்டிருந்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே பட்டிருக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுக்கும் சென்சாரில் ஒரு நாளைக்கு 288 புள்ளிகள். அவை ஒரே ஆளின் தொடர்ச்சியாக, அவருடைய மாத்திரை, தூக்கம், மரபணுவோடு கோத்தபடி இருந்தால்தான் ஆராய்ச்சிக்குப் பயன்படும்.

சிக்கலும் அந்தக் கோர்வையில்தான். தினமும் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எந்த வாரம் ஊரில் இல்லை, எந்தத் தேதியில் மருத்துவமனைக்குப் போனீர்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டே ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். உங்களிடம் கேட்பதோ அதைவிடப் பல மடங்கு.

ஆகவே, தரவு எங்கே இருக்கும் என்று முதலில் கேளுங்கள். பூட்டிய கணினிச் சூழலுக்குள் ஆராய்ச்சியாளர் வந்து வேலை பார்த்து, முடிவுகளை மட்டும் வெளியே எடுத்துப்போகும் ஏற்பாடு நல்லது. கேட்பவர்களுக்கெல்லாம் நகல் அனுப்பும் குழு என்றால் நான் தயங்குவேன். நிறுவனம் கை மாறினால் தரவு யாருக்குப் போகும் என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுப் பரிசோதனை நிறுவனம் திவால் மனு போட்டபோது, லட்சக்கணக்கானோரின் மரபணுத் தரவு விற்பனைக்குரிய சொத்தாகிப் போனது. கடவுச்சொல் என்றால் மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது. அதில் பாதி உங்கள் பிள்ளைகளிடமும் இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகள் என்றால் கையெழுத்துக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பாதியில் விலகினால் என்ன ஆகும்? இனிமேல் தரவு சேர்ப்பதை நிறுத்தலாம், இருப்பதை அழிக்கலாம். ஏற்கெனவே கணக்கிட்டு வெளியிட்ட முடிவிலிருந்து உங்களைப் பிரித்தெடுக்க முடியாது. இதை ஒளிக்காமல் எழுதியிருக்கும் படிவத்தைத்தான் நான் நம்புவேன்.

பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: ராத்திரி இரண்டு மணிக்கு என் சர்க்கரை அபாயமாக இறங்கினால் யாராவது பார்ப்பார்களா? பெரும்பாலான ஆய்வுகளில் பார்க்க மாட்டார்கள். தரவு மாதக்கணக்கில் சேர்ந்த பிறகே திறக்கப்படும். ஆய்வில் இருக்கிறோம், யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சென்சாரின் எச்சரிக்கை ஒலியை அணைக்காதீர்கள். ஆய்வுச் செயலி என்ன காட்டினாலும், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சேர்ந்துவிட்டால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் ஒட்டிய கைப்பக்கம் அழுத்திப் படுத்தால், சர்க்கரை இறங்காமலேயே இறங்கியதுபோலக் காட்டும். வாட்சை சார்ஜ் போடக் கழற்றிய நேரம் நீங்கள் அசையாமல் கிடந்த நேரமாகப் பதிவாகலாம். "செவ்வாய் இரவு இடப்பக்கம் படுத்தேன், வாட்ச் மேசையில்" என்று ஒரு வரி எழுதி அவர்களிடம் கொடுங்கள். அந்த 288 புள்ளிகளில் எது உங்கள் உடம்பு, எது தலையணை என்று அவர்களுக்கு வேறு வழியில் தெரியாது.