சுங்குடிப் புடவையை ஆன்லைன் தளத்தில் ஏற்றலாமா?

கேள்வி: சின்னாளபட்டியில் இருக்கிறேன். மூன்று வருடமாக வாட்ஸ்அப் குழுவில் சுங்குடிப் புடவை விற்கிறேன். மாதம் முப்பது, நாற்பது புடவை போகும். அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ மாதிரி தளங்களில் போட்டால் நூறு போகும் என்கிறார் கொழுந்தனார். கமிஷனிலேயே எல்லாம் கரைந்துவிடும் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி? ஜி.எஸ்.டி. எடுக்காமல் விற்க முடியுமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கமிஷனை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம், கையைக் கடிப்பது ரிட்டர்ன்தான், அதாவது வாங்கியவர் திருப்பி அனுப்பும் புடவை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கட்டணம் தளத்துக்குத் தளம் மாறும், அடிக்கடியும் மாறும். மீஷோ 2021 முதலே கமிஷன் வாங்குவதில்லை, வேறு சில தளங்கள் குறைந்த விலைப் பொருளுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கின்றன. அதனால் இங்கே தருவது உதாரணம்தான்; உங்கள் எண்களை வைத்து நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள்.

புடவையின் அடக்கவிலை 520 ரூபாய், விற்கும் விலை 850 என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 85, ஆர்டருக்கு நிலையான கட்டணம் 30, கூரியர் 65. ஆக 180. தளம் வசூலிக்கும் இந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 32 ரூபாய் 40 காசு. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றால் இதைத் திரும்ப எடுக்க முடியாது, செலவோடு செலவு. உறைக்கு 15 ரூபாய். எல்லாம் போகக் கையில் நிற்பது 102 ரூபாய் 60 காசு. அதே புடவை வாட்ஸ்அப்பில் போனால், கூரியரை வாங்குபவர் கொடுத்துவிடுவார், உங்களுக்கு 315 ரூபாய் நிற்கும்.

சரி, 102 ரூபாயும் லாபம்தானே, எண்ணிக்கை கூடினால் ஈடுகட்டிவிடலாமே என்று தோன்றும். பத்துப் புடவை அனுப்பி, இரண்டு திரும்பி வந்தால் என்ன ஆகும்? எட்டில் வரும் லாபம் 820 ரூபாய் 80 காசு. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக வரக் கூரியர், வரி, உறை என்று 190 ரூபாய் போனால் இரண்டுக்கும் 380. மிச்சம் 440. அந்த இரண்டில் ஒன்று மஞ்சள் கறையோடு, மறுபடி விற்க முடியாமல் வந்தால் 520 ரூபாய் முழுசாக நஷ்டம். பத்து ஆர்டர் பேக் செய்து, கையிலிருந்து 80 ரூபாய் போட்டிருப்பீர்கள்.

சுங்குடிக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புடவையில் புள்ளிகள் ஒரே மாதிரி இருக்காது. அதன் அழகே அதுதான், உங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு அது தெரியும். தளத்தில் வாங்கும் ஒருவருக்கு அது டேமேஜ். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த அரக்குப் புடவை போனில் சிவப்பாகத் தெரியும், பார்சலைப் பிரித்ததும் "கலர் வேற" என்று திருப்பி அனுப்புவார்கள். காலை வெயில் நேராகப் படாத திண்ணையிலோ மாடி நிழலிலோ படம் எடுங்கள். புள்ளியை மிக அருகில் காட்டும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். முதல் இரண்டு மூன்று அலசலில் சாயம் இறங்குமானால் அதை விவரத்தில் எழுதிவிடுங்கள். அச்சுப் புடவையை அச்சு என்றே போடுங்கள். மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டியதும் நாம்தான்.

ரிட்டர்னில் நான் பட்டதைச் சொல்கிறேன். கரூரில் மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும் ஒரு தளத்தில் விற்றுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த பார்சல் ஒன்றில் என் விரிப்புக்குப் பதில் ஓரம் கிழிந்த பழைய துண்டு இருந்தது. பிரித்த வீடியோவோடு இழப்பீடு கேட்டேன், மறுத்துவிட்டார்கள். காரணம், டேப்பை அறுத்த பிறகுதான் வீடியோ ஆரம்பித்திருக்கிறது; பார்சலின் மேலிருந்த எண் அதில் இல்லை. அன்றிலிருந்து கூரியர் லேபிளைக் காட்டி, ஒட்டிய டேப்பைக் காட்டி, அப்புறம்தான் கத்தரியை எடுப்பேன். இடையில் வீடியோவை நிறுத்துவதில்லை. அனுப்பும்போதும் அப்படியே. புகார் கொடுக்க நாள் கணக்கு உண்டு, திரும்பி வந்ததை மூட்டையாகப் போட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை பிரிக்கலாம் என்று இருக்காதீர்கள்.

இனி ஜி.எஸ்.டி. முன்பெல்லாம் எவ்வளவு சிறிய வியாபாரி என்றாலும் இந்தத் தளங்களில் பொருள் விற்கப் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆண்டு விற்பனை பதிவு வரம்புக்குள் (தமிழ்நாட்டில் பொருளுக்கு 40 லட்சம் ரூபாய்) இருந்தால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண் கொடுத்து ஒரு என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்கி விற்கலாம். ஒரு நிபந்தனை: தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான். பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஆர்டர் வர வேண்டுமென்றால் முழுப் பதிவு வேண்டும், மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், ஆடிட்டருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். பதிவு செய்தவர்களிடம் தளம் 0.5 சதவீதம் டி.சி.எஸ். (விற்ற பணத்திலிருந்து முன்கூட்டியே எடுக்கும் ஜி.எஸ்.டி.) பிடிக்கும். வருமான வரிக்கு 0.1 சதவீதம் தனி. தனிநபராக இருந்து, ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாமல், பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் அது இல்லை. பிடித்த இரண்டையும் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம், அதனால் இதற்காகப் பயப்பட வேண்டாம்.

கொழுந்தனார் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் பேரையே கேள்விப்படாத ஒருவர் தேனியிலிருந்து முன்பின் யோசிக்காமல் பணம் கட்டுவது அந்தத் தளத்தின் மேலுள்ள நம்பிக்கையில்தான். கூரியர்காரர் வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்வார். எந்த நிறம் தேடப்படுகிறது, எந்த விலைக்கு மேல் கை நின்றுவிடுகிறது என்பது திரையில் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் இதெல்லாம் கிடைக்காது. ஆனால் வாங்குபவர் தளத்தின் வாடிக்கையாளர், உங்களுடையவர் இல்லை. பார்சலுக்குள் உங்கள் போன் நம்பர் அச்சிட்ட சீட்டை வைத்தால் கணக்கையே முடக்கக்கூடும். தீபாவளி நேரத்தில் "சலுகையில் சேருங்கள்" என்று வரும் அறிவிப்பைப் படிக்காமல் டிக் அடித்துவிட்டு, 850 ரூபாய்ப் புடவை 640-க்குப் போனதைப் பிறகு பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். பணமும் டெலிவரி ஆன அன்றே வராது, சில நாள் கழித்துத்தான் வரும். சாயக்காரருக்கும் துணிக்கடைக்கும் கொடுக்கக் கையில் ஒரு மாத முதல் இருக்கட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரே ஒரு தளம், மூன்றே மூன்று ரகம் என்று தொடங்குவேன். ஒரே சாயத்தில் குறைந்தது இருபது புடவை ஒத்து வரக்கூடிய ரகமாக எடுப்பேன். ரிட்டர்ன் செலவையும் சேர்த்து விலை வைப்பேன். மேலே போட்ட கணக்கில் 850 கட்டுப்படியாகாது, 990-ஆவது வேண்டும். அந்த விலைக்கு ஆள் வரவில்லையென்றால் அந்த ரகத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவேன், விலையைக் குறைக்க மாட்டேன். நாற்பது ஆர்டர் ஆனதும் எத்தனை திரும்பியது, என்ன காரணம் எழுதினார்கள் என்று நோட்டில் குறித்துப் பாருங்கள். பாதிப் பேர் நிறத்தைச் சொன்னால் முதலில் படத்தை மாற்றுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதுச் சாயம் இறங்கினால் முதல் படம் அங்கேதான் போக வேண்டும்.