மூன்று எரர் கோட் வந்தால் ஈசிஎம் போய்விட்டதா?

கேள்வி: எங்கள் டீசல் கார் 2013 மாடல். போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை, மறுநாள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு பி0641, பி0192, பி0107 என்று மூன்று எரர் கோட் (கோளாறைக் குறிக்கும் எண்கள்) எழுதிக் கொடுத்தார்கள். ‘ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, பழையது ஒன்று வாங்கி ப்ரோகிராம் செய்துவிடலாம், 35,000 ரூபாய் ஆகும்’ என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள் அம்மா. பி0192 என்றால் டீசல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாய்) பிரஷர் சென்சாரின் சிக்னல் மிகவும் அடியில் கிடக்கிறது. பி0107 என்றால், மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) பிரஷர் சென்சாருக்கும் அதே நிலை. இரண்டுக்கும் 5 வோல்ட் அனுப்புவது ஈசிஎம். அந்த 5 வோல்ட்டே சரியில்லை என்பதுதான் பி0641. ஒரே லைனில் இருக்கும் சென்சார்களில் ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்றவற்றையும் சேர்த்துப் படுக்கவைத்துவிடும்.

சாவியை ஆன் செய்து, 5 வோல்ட் வயரில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். எதைக் கழற்றும்போது 5 திரும்ப வருகிறதோ, அதுதான் கோளாறு. என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு ஏற்கெனவே ஈசிஎம் மாற்றியிருந்தார்கள். கோளாறு இருந்ததோ ஏசி பிரஷர் சென்சாரில்! ஏசிக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அந்தப் பக்கமே போகவில்லை.

எல்லாவற்றையும் கழற்றியும் 5 வரவில்லையா? வயரைப் பாருங்கள். எலி கடித்திருக்கலாம், பிராக்கெட்டில் உரசியிருக்கலாம். மழைக்குப் பிறகு வந்தது என்பதால் பிளக்குக்குள் பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அந்த வயரை ஈசிஎம் பிளக்கிலிருந்தே பிரித்தும், ஈசிஎம்முக்கு வரும் பேட்டரி சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்தும் 5 வராவிட்டால்தான் ஈசிஎம்மைக் குறை சொல்லலாம்.

அப்படியே மாற்ற நேர்ந்தாலும், பழைய ஈசிஎம்மில் வேறு வண்டியின் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) பதிவு இருக்கும். உங்கள் சாவியை அது ஏற்காது. உங்கள் இன்ஜெக்டர்களின் தலையில் பொறித்திருக்கும் கோட் எண்களையும் அதில் ஏற்ற வேண்டும். ப்ரோகிராம் ஏறி முடியும்வரை பேட்டரிக்கு நிலையான சப்ளை அவசியம். நானே ஒருமுறை வெறும் பேட்டரியை நம்பி ஆரம்பித்து, பாதியில் வோல்டேஜ் இறங்கி ஈசிஎம்மை இழந்தேன். வாடிக்கையாளருக்கு என் கைக்காசில் புதிது வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் அந்த ஏசி சென்சார் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் என்ன காட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.