மகள் கல்லூரியில், அம்மாவும் சேரலாமா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 38. 2005-இல் பிளஸ் டூ முடித்த கையோடு திருமணம் செய்து வைத்துவிட்டார்கள். இப்போது பக்கத்து டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். மகள் முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மகன் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. எனக்கும் ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை. "இந்த வயதில் படித்துக் கலெக்டராகவா போகிறாய்?" என்கிறார் மாமியார். கணவர் வாயே திறப்பதில்லை. நான் பட்டம் வாங்கினால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். 40,000 ரூபாய் கொடுத்தால் ஒரே ஆண்டில் வெளிமாநிலப் பட்டம் வாங்கித் தருவதாக டவுனில் ஒரு மையத்தில் சொல்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் தோழி பத்தாவது வரை படித்தவர். அவரும் சேர நினைக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதல் வேலையாக அந்த 40,000 ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு படித்தாக வேண்டும். ஒரே ஆண்டில் பட்டம் என்று யார் சொன்னாலும், அவர் விற்பது செல்லாத காகிதம். தொலைநிலைக் கல்வியைத் தனியார் மையங்களுக்குக் குத்தகைக்கு விடப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் இடமில்லை. நீங்கள் பணத்தை இழப்பதோடு இது முடியாது. பிற்காலத்தில் சான்றிதழ் சரிபார்ப்பில் தலைகுனிந்து நிற்க வேண்டியவரும் நீங்கள்தான். அந்த மையத்துக்காரர் அப்போது அங்கே இருக்க மாட்டார். வீட்டில் பட்டதாரி இல்லாதவர்களைத் தேடிப் பிடித்துத்தான் இவர்கள் இந்த வியாபாரத்தை நடத்துகிறார்கள். விசாரித்துச் சொல்ல ஆளில்லாத வீடு எது என்று அவர்களுக்குத் தெரியும். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சலுகை பற்றிய பயத்தையும் விட்டுவிடுங்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். உங்கள் வீட்டில் அதை மகள் பெற்றுவிட்டாள். அவள் கல்லூரியில் சேரும்போது வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை, அதனால் சான்றிதழ் கிடைத்தது. நீங்கள் இனிமேல் படிப்பதால் அது பொய்யாகிவிடாது. மகனுக்கு அக்காவுக்குப் பிறகு அந்தச் சலுகை எப்படியும் இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அவன் அரசுப் பள்ளியிலேயே படித்தால், தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஆகவே ஒன்பதாவதில் இருக்கும் பையனை "கடைசி இரண்டு வருஷம் நல்ல பள்ளியில் சேர்க்கலாம்" என்று யாராவது தனியார் பள்ளிக்கு மாற்றச் சொன்னால், இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். மகளும் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறதா என்று கேளுங்கள். விழவில்லை என்றால், கல்லூரியில் அதற்கென்று பொறுப்பாளராக ஒரு பேராசிரியர் இருப்பார்; அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் படிப்பு. வேலையை விட முடியாது என்பதால் தொலைநிலைக் கல்விதான் உங்களுக்குப் பொருந்தும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலைக்குப் போகிறவர்களையும் படிப்பை இடையில் விட்டவர்களையும் மனத்தில் வைத்து 2002-இல் தொடங்கப்பட்டது. பாடங்களைத் தமிழிலேயே படிக்கலாம். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இன்னொரு வழி. அங்கே மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. இருபது ஆண்டுக்குப் பிறகு புத்தகத்தை எடுக்கிறீர்கள். பாடங்களைத் தமிழில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் மானியக் குழு தெளிவாக அறிவித்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமானாலும், நீங்கள் சேரும் ஆண்டில், சேரும் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விண்ணப்பத்துக்கு முன் அந்தக் குழுவின் இணையதளத்தில் தனி அடையாள எண் ஒன்று எடுக்க வேண்டியிருக்கும். மகளை உடன் வைத்துக்கொண்டு, நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும்.

சேர்வது எளிது, சகோதரி. என் கவலை அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றியது. பாடம் புரியாமல் படிப்பை விட்டவர்களைவிட, தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி தெரியாமல் விட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அசைன்மென்ட் என்பதை எழுதி அனுப்ப வேண்டும் என்றே சிலருக்குத் தெரிந்திருக்காது. திறந்தநிலைப் படிப்பில் அதற்கும் மதிப்பெண் உண்டு. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடங்களில் 30 சதவீதம் அதற்குத்தான். படித்தவர் இருக்கும் வீட்டில் இதையெல்லாம் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் வீட்டில் சொல்வதற்கு ஆள் கிடையாது. அந்த இடத்தை நிரப்பத்தான் பல்கலைக்கழகத்தின் கற்போர் உதவி மையம் இருக்கிறது. நேர்முக வகுப்பு அட்டவணை, பாட நூல்கள், சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர் ஆகியவற்றுக்கெல்லாம் அங்கேதான் போக வேண்டும். எனவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பஸ் வசதி இருக்கிறதா, தொலைபேசியை எடுக்கிறார்களா, வகுப்பு எந்தக் கிழமையில் நடக்கிறது என்று கேளுங்கள். முதல் வகுப்பிலேயே உங்களைப் போன்ற இரண்டு பெண்களின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிப்பு யாருக்கு வந்தாலும் மூவருக்கும் தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்பது வேலைக்குப் போகும் ஆணுக்கு வசதி. வாரம் முழுவதற்குமான துணியும் ரேஷனும் மாவரைப்பும் ஞாயிற்றுக்கிழமையில் காத்திருக்கும் பெண்ணுக்கு அது வசதி அல்ல. மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும் அலுவலகம், கடையில் எட்டு மணி வரை நிற்பவருக்கு எப்படி உதவும்? கட்டணத்தைத் தவணையில் வாங்கவும், வகுப்பு நடக்கும் இடத்தில் குழந்தைகளை விட ஓர் அறை ஒதுக்கவும் பெரிய நிதி தேவையில்லை. இவற்றைச் செய்யாமல், பெண்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. உங்கள் மையத்தில் கருத்துக் கேட்டால் தயங்காமல் இதை எழுதிக் கொடுங்கள்.

தோழியிடம் சொல்லுங்கள்: பத்தாவதுக்குப் பிறகு நேராகப் பட்டப் படிப்பு என்று யார் ஆசை காட்டினாலும் வேண்டாம். தமிழக அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ இல்லாமல் பெற்ற திறந்தநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு திண்டாடியவர்கள் ஏராளம். அவர் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ முடிக்கட்டும். மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போதைய விதிமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாமியாரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. கலெக்டர் ஆக முடியாதுதான். அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு உண்டு. ஆனால் நீங்கள் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட அல்லது பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவர் என்றால், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 2 பணிகள் பலவற்றுக்கு உயர் வயது வரம்பு இல்லை. அறிவிக்கையில் பணிக்குப் பணி பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். அரசு வேலையே வேண்டாம் என்றாலும், பில் போடுகிறவர் பி.காம். முடித்தால் கணக்கர் இடத்தைக் கேட்கலாம். வேலைக்காக இல்லாமல் படிக்க ஆசைப்பட்டாலும் அது முழுக் காரணம்தான். அதற்காக யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கணவரின் மௌனத்தை எதிர்ப்பு என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். "நான் படிக்கட்டுமா?" என்று கேட்டால் அவர் மறுபடியும் மௌனமாகத்தான் இருப்பார். "வகுப்பு உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சமையலை நீங்களும் மகனும் பார்த்துக்கொள்ளுங்கள், தேர்வு மாதத்தில் இரவு எட்டரை முதல் பத்து வரை என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று வேலையைப் பிரித்துச் சொல்லுங்கள். மகனுக்கு இப்போது பதினான்கு வயது. சோறு வடிக்கத் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.