பேத்தி எந்த நாட்டுக்கு ஆட வேண்டும்?

கேள்வி:

எனக்கு 67 வயது. பாளையங்கோட்டை மகாராஜ நகரில் நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். மூத்த மகன் குடும்பத்தோடு கனடாவில், டொரண்டோ பக்கம். எல்லாரும் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். பேத்தி அங்கேயே பிறந்தவள், 14 வயது ஆகிறது. ஆறு வயதிலிருந்து ஐஸ் மேலே ஆடுகிற ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள். "இங்கே போட்டி அதிகம், மேலே வருவது கஷ்டம், இந்தியாவுக்காக ஆடினால் உலகப் போட்டிக்கே போகலாம்" என்று யாரோ சொல்லப்போய், மகன் அதையே பிடித்துக்கொண்டான். இந்தியக் குடியுரிமைக்கு ஒரு வருஷம் இங்கே தங்க வேண்டுமாம். "உங்ககூட இருக்கட்டும்மா, பாளையில ஸ்கூல்ல சேத்துருவோம்" என்கிறான். என் வீட்டுக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. மருமகள் பிடி கொடுக்காமல் பேசுகிறாள். பேத்தியோ வாயே திறப்பதில்லை. போனில் கேட்டால் "தெரியல ஆச்சி" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாள். சோறு போட்ட நாட்டை விட்டுவிட்டு இன்னொரு நாட்டுக்கு ஆடுவது சரியா? ஆனித் தேருக்கு எல்லாரும் வருகிறார்கள். நான் சரி என்று சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா?

- ஓர் ஆச்சி, பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். "தெரியல ஆச்சி." அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட கேள்வி.

நாடு மாறி ஆடுவது நன்றி கெட்ட காரியம் இல்லை. கொழும்பு, ரங்கூன், பம்பாய் என்று போய்ப் பிழைத்த ஊர் நம்முடையது. கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையோடு வளர்ந்த பையன் பிறகு ரயில்வேக்கு ஆடுகிறான், வங்கிக்கு ஆடுகிறான். கோவில்பட்டிக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று யாராவது சொல்கிறோமா? ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இது இன்னும் சகஜம். காரணம் ஒரு கணக்கு. தனிநபர் பிரிவில் ஒலிம்பிக்குக்கும் உலகச் சாம்பியன்ஷிப்புக்கும் ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர்தான் போகலாம். ஜப்பானில் நான்காவதாக வருகிற பெண் வீட்டில் உட்கார வேண்டியதுதான், வேறு பல நாடுகளில் அவள்தான் முதலாவதாக இருப்பாள் என்றாலும். ரஷ்யாவில் வளர்ந்த அனஸ்தாசியா குபானோவா ஜார்ஜியாவுக்கு மாறி, 2023இல் ஐரோப்பியச் சாம்பியன் ஆனார். உக்ரைனில் பிறந்த அல்யோனா சாவ்சென்கோவும் பிரான்சில் பிறந்த புரூனோ மாசோவும் 2018 ஒலிம்பிக்கில், இருவர் சேர்ந்து ஆடும் ஜோடிப் பிரிவில், ஜெர்மனிக்காகத் தங்கம் வாங்கினார்கள். கனடா உங்கள் பேத்தி மேல் கோபித்துக்கொள்ளாது. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

ஆனால் மாசோ கதையில் தங்கத்துக்கு முந்தைய பகுதியையும் உங்கள் மகன் படிக்க வேண்டும். பிரான்ஸ் ஸ்கேட்டிங் சங்கம் அவரை விடுவிக்கும் வரை அவர் எந்தச் சர்வதேசப் போட்டியிலும் இறங்க முடியாமல் காத்திருந்தார். உலக ஸ்கேட்டிங் சங்கத்தின் போட்டிகளில் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும், ஒலிம்பிக்குக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அதனால் ஜெர்மன் மொழித் தேர்வு எழுதினார், தோற்றார், மறுபடி எழுதினார். 2017 நவம்பரில்தான் குடியுரிமை கிடைத்தது. ஒலிம்பிக் அடுத்த பிப்ரவரியில். அவர் வளர்ந்த ஆள், அத்தனையையும் தானே முடிவெடுத்துச் செய்தார்.

உங்கள் பேத்தி விஷயத்துக்கு வருவோம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. அவளிடம் ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற அட்டை, இருக்கும் என்று நினைக்கிறேன். அது விசா இல்லாமல் வந்து போகத்தான் உதவும், அதைக் காட்டி இந்தியாவுக்காக ஆட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்தான் இந்தியா சார்பில் ஆடலாம் என்று 2008இல் மத்திய அரசு முடிவெடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2010இல் அதில் தலையிட மறுத்துவிட்டது. 2025இல் வந்த புதிய விளையாட்டுக் கொள்கை வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளி வீரர்களை அழைப்பது பற்றிப் பேசுகிறது, தாத்தா அதைப் பேப்பரில் பார்த்திருக்கலாம். கொள்கை வேறு, குடியுரிமைச் சட்டம் வேறு.

சரி, குடியுரிமையே வாங்கிவிடலாம் என்றால்? அந்த அட்டை எடுத்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். இதைத்தான் மகன் சொல்கிறார். ஆனால் சட்டத்தின் அதே பிரிவில், விண்ணப்பிப்பவர் வயது வந்தவராக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது 18. அந்தப் பக்கம் கனடாச் சட்டமோ, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் குடியுரிமையைத் துறக்க முடியாது என்கிறது. கனடாவில் வசித்துக்கொண்டே துறக்கவும் முடியாது. சிறுவர் சிறுமியரைச் சிறப்புச் சூழலில் பதிவு செய்ய இந்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது உண்மை. அதை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பையும் பயிற்சியையும் பிடுங்கி இங்கே கொண்டுவந்து நட முடியுமா?

14 வயதில் அவளை ஒரு வருஷம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதால், இந்தியாவுக்கு ஆடுகிற வழி திறக்கப் போவதில்லை. இதை மகனிடம் வக்கீல் ஒருவரை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் அம்மாவுக்கு என்ன தெரியும் என்பார்.

அந்த ஒரு வருஷம் அவள் எங்கே ஆடுவாள்? நம் பக்கத்தில் ரோலர் ஸ்கேட்டிங் வகுப்பு கிடைக்கும். சக்கரம் வேறு, ஐஸ் வேறு. அவள் பூட்ஸில் இருக்கும் பிளேடுக்கு இரண்டு விளிம்பு உண்டு, உள் விளிம்பு, வெளி விளிம்பு. காற்றில் சுழன்றுவிட்டு இறங்கும்போது, ஒற்றைக் காலில், பின்பக்கமாக ஓடிக்கொண்டே, அந்த வெளி விளிம்பில் இறங்க வேண்டும். விரல் அகலம்கூட இல்லாத அந்த இரும்பு ஐஸைக் கீறிக்கொண்டு போகிற உணர்வைச் சிமென்ட் தரையில் பழக முடியாது. டேராடூனில் 2011இல் கட்டிய முழு அளவு ஐஸ் தளம் ஒன்று இருக்கிறது, 60 மீட்டருக்கு 30 மீட்டர். கட்டியதற்கு அப்புறம் பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2025இல்தான் மறுபடி போட்டி நடந்தது. பாளையிலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வளர்கிற வயசு ஆச்சி. மூன்று மாதத்தில் உயரம் கூடும், எடை கூடும், உடம்பின் கணக்கு மாறும். அந்த வயதில் ஐஸை விட்டு ஒரு வருஷம் தள்ளி இருந்தால், திரும்பிப் போகும்போது பழகிய தாவல்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

நாடு மாறினால் மதிப்பெண் மாறிவிடாது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் போக எல்லா நாட்டுக்காரருக்கும் ஒரே குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண் உண்டு. வரிசை சின்னதாகும், வாசற்படி உயரம் அதேதான். சீனியர் பிரிவில் ஆடவும் 2024-25 பருவத்திலிருந்து 17 வயது ஆகியிருக்க வேண்டும். ஆக, இப்போதே முடிவெடுக்காவிட்டால் பஸ் போய்விடும் என்பது பொய்யான அவசரம்.

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தாரா பிரசாத் 2019இல் இந்தியக் குடியுரிமை வாங்கி, இந்தியத் தேசியச் சாம்பியனாகி, 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் நமக்காக ஆடினார். எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை. இந்தியாவிலிருந்து இன்னும் ஒருவரும் ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆடியதில்லை. உங்கள் பேத்தி ஒருநாள் அந்த ஐஸில் நம் கொடியோடு நின்றால் நானும் அழுதுவிடுவேன். தாரா மாறியபோது அவர் சிறுமி அல்ல என்பதை மட்டும் தாத்தாவுக்கு நினைவுபடுத்துங்கள்.

இன்னும் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதவே மனசு கனக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ஜு யி என்ற பெண் 2018இல் சீனாவுக்கு மாறினார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 19 வயதில், குழுப் போட்டியில் விழுந்தார். மறுநாளும் விழுந்து, அழுதுகொண்டே ஆடி முடித்தார். எந்த நாட்டுக்காக வந்தாரோ அந்த நாட்டு ஜனங்களே சமூக வலைத்தளத்தில் அவரைக் குதறினார்கள். சீன மொழி சரியாகப் பேசத் தெரியவில்லை என்பதும் ஒரு குற்றமாயிற்று. உங்கள் பேத்தியின் தமிழைக் கேட்டு நம் தெருவே இன்றைக்குக் கொஞ்சுகிறது. அவள் ஒரு போட்டியில் விழுந்தால் முகம் தெரியாத ஆயிரம் பேர் அதே தமிழை வைத்துக் கிண்டல் செய்வார்கள்.

இன்னொருவர் எகடெரினா அலெக்ஸாண்ட்ரோவ்ஸ்கயா. ஆஸ்திரேலியாவின் ஹார்லி வின்ட்ஸருக்கு ஜோடி தேவைப்பட்டபோது, 16 வயதை ஒட்டி, மாஸ்கோவிலிருந்து வந்தார். 2017இல் இருவரும் உலக ஜூனியர் சாம்பியன்கள். அதே வருஷம் ஆஸ்திரேலியக் குடியுரிமை, அடுத்த வருஷம் ஒலிம்பிக். 2020 தொடக்கத்தில் உடல்நலம் இடம் கொடுக்காமல் ஆட்டத்தை விட்டார். அந்த ஜூலையில், 20 வயதில், மாஸ்கோவில் இறந்துபோனார். நாடு மாறியதால்தான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்த வயதில் அவ்வளவு தூரம் வந்த பெண்ணுக்கு ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்க யார் இருந்தார்கள் என்று மட்டும் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது அந்த ஒரு வரி.

எனக்குப் பதின்மூன்று வயதில் வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. வ.உ.சி. மைதானத்தில் 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நான். வழியனுப்ப ஜங்ஷனுக்கு எங்கள் தெருவே வந்தது. மாமா என் டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் என் பெயரையும், அதற்குக் கீழே 'திருநெல்வேலி' என்றும் எழுதியிருந்தார். 'நெ'யின் கொம்பு காய்வதற்குள் கீழே வழிந்துவிட்டது. விடுதியில் விளக்கை அணைத்த பிறகு, கையை நீட்டி அந்த வழிந்த கொம்பைத் தடவிக்கொண்டே படுத்திருப்பேன். அப்பாவுக்கு வாரம் ஒரு கடிதம், "நலம். நன்றாக ஓடுகிறேன்." அத்தனை பேர் வந்து ரயில் ஏற்றிவிட்டார்களே, பிடிக்கவில்லை என்று எப்படி எழுதுவேன்? ஏழு மாதம் கழித்து அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். தலை வாரிவிட உட்கார்த்தினாள். சீப்போடு கொத்தாக முடி வந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பேச ஆரம்பித்தேன்.

பெரியவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது ஒரு பிள்ளை "தெரியல" என்று சொன்னால், பெரும்பாலும் அவளுக்குத் தெரியும். சொன்னால் யார் முகம் வாடும் என்றுதான் யோசிக்கிறாள். உங்கள் பேத்தி அதே பனியில் எட்டு வருஷமாக, விடிவதற்கு முன் எழுந்து, விழுந்து விழுந்து ஆடியவள். இதில் அவளுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்காது.

ஆகவே சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். தேரன்றைக்குத் தாத்தாவும் மகனும் வடம் பிடிக்க டவுனுக்குப் போகட்டும். மருமகள் ஓய்வெடுக்கட்டும். நீங்கள் பேத்தியை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடுங்கள். கணுக்காலைப் பாருங்கள், இறுக்கமான பூட்ஸ் உரசி உரசிப் புடைத்திருக்கும். அது எப்படி வந்தது என்று கேளுங்கள். எந்தத் தாவல் இன்னும் வசப்படவில்லை, அங்கே அவள் கூட்டாளி யார், ஐஸில் இறங்குகிற அன்றைக்கு என்ன சாப்பிடுவாள் என்று கேளுங்கள். நாட்டைப் பற்றிக் கடைசியில் கேட்டால் போதும். அவள் வேண்டாம் என்றால் தாத்தாவின் தலை குனிந்துவிடாது என்பதை அதற்கு முன்பே அவளுக்குச் சொல்லிவிடுங்கள். தாத்தாவிடமும் இனி தெருவில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய சந்தோஷம் நியாயமானது, ஆனால் அதன் எடையை அந்தப் பிள்ளைதான் சுமக்கிறாள்.

அவளுக்கே இந்தியாவுக்கு ஆட ஆசை என்றால், அழகான ஆசை. 18 வயது வரை அங்கேயே ஆடட்டும். ஓசிஐ அட்டையின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். இந்திய ஐஸ் ஸ்கேட்டிங் சங்கத்துக்கு எழுதி, தேசியப் போட்டிக்கு என்ன தகுதி என்று மகன் கேட்டு வைக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: இடையில் அவள் கனடா சார்பாகச் சர்வதேசப் போட்டி எதிலாவது ஆடிவிட்டால், மாறுவதற்கு கனடா சங்கம் விடுவிக்க வேண்டும், 12 மாதம் காத்திருக்கவும் வேண்டும். கனடாக் குடியுரிமையை ஒரு தடவை விட்டால், பிறந்த ஊருக்கே விசா வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்பதை அவள் தன் வாயால் சொல்லிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் நீங்களும் கூட நில்லுங்கள்.

அவள் பதில் எதுவாக இருந்தாலும், அதை உங்கள் மகனிடம் நீங்களே சொல்லுங்கள். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.